சந்தைக்கு அடியில்

படம் என்னவோ கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படிதான் வந்திருந்தது. அவளுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

ரயில் சுரங்கம் தோண்டும் நிறுவனத்தில் மண்படம் தயாரிப்பது அவள் வேலை. துளை போட்டு எடுத்த மண்ணின் விவரங்களைக் கணினியில் ஏற்றினால், துளைகளுக்கு நடுவே என்ன இருக்கும் என்று மென்பொருளே ஊகித்து, பாறையைப் பழுப்பாகவும் ஈரமணலை மஞ்சளாகவும் முப்பரிமாணத்தில் நிரப்பிவிடும். காலி மனைகளில் பத்து மீட்டருக்கு ஒரு துளை இருந்தது. சந்தையிலோ கடைக்காரர்கள் இடம் விடாததால் இருநூறு மீட்டருக்கு ஒன்றுகூட இல்லை. அங்கேயும் மென்பொருள் கொஞ்சமும் கூசாமல் பழுப்பைப் பூசியிருந்தது.

பாறை என்று நம்பித் தோண்டும் இடத்தில் ஈரமணல் இருந்தால் மேலிருந்து எல்லாம் சரிந்துவிடும். தோண்டும் இயந்திரம் இன்னும் ஆறு நாளில் சந்தைக்கு அடியில் வந்துவிடும். அதன் முனையில் நிற்கும் குழுவுக்கு அவளுடைய அக்கா கணவர்தான் மேஸ்திரி.

ஊகிக்கும் முறையை மாற்றிப் பார்த்தாள். இரண்டாவது முறையில் சந்தை முழுக்க மஞ்சளானது. மூன்றாவதில் பாதிக்குப் பாதி. மூன்று படங்களையும் எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனாள்.

"இதுல எதும்மா சரி?"

"அங்கே என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது சார். அதுதான் சரி."

அத்தான் உள்ளே இருப்பதால் பயப்படுகிறாளா என்று அவர் கேட்டார். அதனாலும்தான் என்றாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கடைசியில், சந்தை விடுமுறையன்று ஒரே ஒரு துளைக்குச் சம்மதித்தார்.

அன்று காலையிலிருந்து அவள் துளைக்காரரின் பக்கத்தைவிட்டு நகரவில்லை. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள். பதினெட்டு மீட்டர் வரை பாறை. துளைக்காரர் அவளைப் பார்த்துச் சிரித்தார். பத்தொன்பதில், சுரங்கம் போகவேண்டிய அதே ஆழத்தில், கம்பி சடாரென்று இறங்கியது. மேலே வந்தது சொதசொதவென்று மணல்.

சுரங்கத்தில் தோண்டும் இயந்திரத்தை நிறுத்தினார்கள். சிமென்ட் கரைசலைச் செலுத்தி மணலை இறுக வைக்க மூன்று வாரம் பிடித்தது.

அக்கா வீட்டுக்குப் போனபோது அத்தான் கைலியோடு கட்டிலில் படுத்திருந்தார். "மூணு வாரமா உங்க அக்கா என்னைக் காய்கறி நறுக்க வெச்சுட்டா. எல்லாம் உன்னாலதான்" என்றார். பிறகு எழுந்து அவள் தலையில் கைவைத்தார்.

அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் நிம்மதி வரவில்லை. மறுநாள் அலுவலகம் போனதும் மீதிப் பாதையின் படத்தைத் திறந்து, துளைக்கும் துளைக்கும் எவ்வளவு தூரம் என்று முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தாள்.