கணவர் இறங்கிய ஓடுபாதை

அன்றைய கடைசிப் பயணம். கேப்டனுக்குக் கண்கள் எரிந்தன. முன்னால் போன விமானத்தை ஓட்டியவர் அவள் கணவர்; அதே ரக விமானம், போகும் ஊரும் அதே. இருவரும் ஒரே மாலையில் வீட்டில் இருந்து வெகு நாளாயிற்று. மழை மூட்டத்தில் அவர் இறங்கிவிட்டதாக ரேடியோவில் கேட்டபோது, தானே பாதி வீடு வந்து சேர்ந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

பிறகுதான் ஃபிளாப் மக்கர் பண்ணியது. விமானம் மெதுவாகப் பறக்க இறக்கையின் பின்னால் விரியும் அந்தத் தகடுகள் பாதியில் நின்றுவிட்டன. கையேடு சொன்னதையெல்லாம் செய்தும் அசையவில்லை. இனி வேகமாகத்தான் இறங்க வேண்டும்.

"ஓடுபாதை நீளம் போதும். மழையிலயும் ஆயிரத்து எண்ணூறு மீட்டர் வரைக்கும் கண்ணுக்குத் தெரியுதாம். நமக்கு ஆயிரத்து அறுநூறு போதுமே. இறங்கிடலாம்," என்றாள்.

துணை விமானி வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம்தான்.

"மேடம், அந்த அளவு மெதுவா இறங்கற சி பிரிவுக்கு. இப்ப இருக்கற வேகத்துக்கு நாம டி. ரெண்டாயிரம் மீட்டர் தெரியணும்."

அவளுக்குச் சுருக்கென்றது. தெரியாத விஷயமா? வேகம் கூடினால், ஓடுபாதையைக் கண்டபின் விமானத்தை நேராக்கக் கிடைக்கும் நேரம் குறையும். அதற்குத்தான் அந்தக் கூடுதல் தூரம்.

"சரிதான். அசதியில பழக்கமான சி வரியையே பாத்துட்டேன். மழை விடற மாதிரி தெரியல. பக்கத்து ஊருக்குப் போயிடலாம்."

அங்கே வானம் வெளுத்திருந்தது. வேகமாக, ஆனால் பத்திரமாக இறங்கினார்கள். விமான வாசலில் ஒரு பயணி நின்று முறைத்தார்.

"முன்னால போன பிளேன் இறங்கியிருக்கு. அந்த பைலட்டுக்கு மட்டும்தான் கண்ணு தெரியுமா?"

"அவர் எங்க வீட்டுக்காரர்தாங்க. அவருக்கு ஃபிளாப் வேலை செஞ்சுது," என்றாள். பயணி பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஓய்வறையில் ஷூவைக் கழற்றும்போது கணவர் அழைத்தார்.

"எங்க இருக்கே? சாப்பாடு ஆறுது."

"ஃபிளாப் பாதியில நின்னுடுச்சு. டி ஆயிட்டேன்."

அவருக்கு அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. "நானா இருந்தாலும் திரும்பியிருப்பேன்," என்றார்.

"காலையில நான் வர்றதுக்குள்ள நீங்க கிளம்பிடுவீங்க, இல்ல?"

"ம். பாப்பா முழிச்சிட்டுதான் இருக்கா. பேசறியா?"

மகள் பென்சிலை யாரோ பிடுங்கிக்கொண்ட கதையை ஆரம்பித்தாள். யார் பிடுங்கியது என்று தெரிவதற்குள், நாற்காலியில் சாய்ந்தபடியே கேப்டன் தூங்கிப்போனாள்.