பச்சை பாட்டிலுக்குப் போன கல்யாணக் கோட்டு

ராயபுரத்துக் கத்தோலிக்க ஆண்பிள்ளைக்குக் கோட்டு இரண்டு முறைதான் தேவைப்படும். கல்யாணத்தன்று ஒரு முறை, பெட்டிக்குள் படுக்கும்போது ஒரு முறை. நடுவில் உள்ள வருஷங்களில் அது பாச்சை உருண்டையோடு டிரங்குப் பெட்டியில் கிடக்கும். இன்னாசியின் கோட்டு மட்டும் நடுவிலேயே வெளியே வந்துவிட்டது. 1967 செப்டம்பரில், ஒரு ஸ்பெயின் கப்பலின் சமையல்காரனுக்கு அதைக் கொடுத்து, பதிலுக்கு ஒரு பச்சை பாட்டிலை வாங்கினான் அவன்.

பாட்டிலில் இருந்தது ஆப்சிந்த் என்கிற சீமைச் சரக்கு. மதுவிலக்கு அமலில் இருந்த பட்டணம் அது. வார்னிஷைக் குடித்துக் கண் போனவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். அவர்கள் நடுவே இந்தப் பெயரை உச்சரிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். இன்னாசியின் மேலதிகாரி, சூப்பிரண்டு தவசிமுத்து.

இன்னாசி துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைப் பார்த்து அட்டையில் கோடு போடுகிற வேலை. பதினாறு வருஷமாகத் தினக்கூலி. காலையில் கேட் முன்னால் நிற்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. இப்போது சரக்கு இறக்கும் அந்தக் கம்பெனியில் ஒரு நிரந்தர இடம் காலி. நாற்பத்தைந்து வயது முடிந்தவனுக்கு அது கிடையாது என்பது விதி.

மற்றவர்கள் பள்ளிக்கூடத்தில் சேரும்போதே நாலு வயதைக் குறைத்துக்கொண்ட கெட்டிக்காரர்கள். இன்னாசியின் பள்ளிச் சான்றிதழ் கரையானுக்குப் போய்விட்டதால், கோயிலிலிருந்து ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்திருந்தான். கோயில் புத்தகத்தில் பொய் எழுதமாட்டார்கள். அக்டோபர் நாலாம் தேதி அவனுக்கு நாற்பத்தைந்து முடிகிறது. அதற்குள் தவசிமுத்து ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

தவசிமுத்து லஞ்சம் வாங்காதவர். இதை அவரே எல்லோரிடமும் சொல்வார். வாலிபத்தில் பிரான்ஸில் மார்செய்ல்ஸ் துறைமுகத்தில் ஆறு மாதம் பயிற்சி பெற்றவர் என்பதும் அவர் சொல்லித்தான் உலகத்துக்குத் தெரியும். கம்பெனியின் கிறிஸ்துமஸ் கூட்டத்தில் கர்த்தர் பிறந்த செய்தியை நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டு, மீதி அரைமணி நேரமும் மார்செய்ல்ஸில் இருப்பார். அங்கே மாலை வேளைகளில் அவர் ஆப்சிந்த் அருந்தினாராம். அது சாராயம் அல்லவாம், அனுபவமாம்.

விண்ணப்பத்தோடு போய் நின்ற இன்னாசியிடம் அவர் சொன்னார்: "பணம் காசு பற்றி என்னிடம் பேசாதே. ஆனால் ஆப்சிந்த் ஒரு சொட்டு இந்த நாக்கில் பட்டால், எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுவேன் போலிருக்கிறது."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். பதினாறு வருஷம் தினக்கூலியாக நின்றவன், அதிகாரி சொன்னதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிரேன் ஓட்டும் பக்ருதீன்தான் ஸ்பெயின்காரனைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன். ஸ்பெயின்காரன் பணம் கேட்கவில்லை. கரையில் இறங்கிச் சுற்ற ஒரு கறுப்புக் கோட்டு கேட்டான். கிளாஸின் மேல் கரண்டி, கரண்டியில் சர்க்கரை, அதன் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் என்று குடிக்கும் முறையைக் கையாலேயே செய்து காட்டினான்.

வீட்டில் ஃப்ளோரா டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் புருஷனிடம் வந்தாள்.

"கோட்டக் குட்த்துட்டு இத்த வாங்கினு வந்துகீற. செத்தா இன்னாத்தப் போட்டு அனுப்புறது உன்ன?"

"பர்மனென்ட் ஆனா புதுசு தச்சிக்கலாம்."

"அதுக்குள்ள பூட்டீன்னா?"

இன்னாசி பாட்டிலைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து, இன்னாசி அழைத்தபடி தவசிமுத்து டை கட்டிக்கொண்டு வந்தார். போலீசுக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்தியிருந்ததில் வீடு இட்லிப் பானையாக வெந்துகொண்டிருந்தது. குடிக்காத பக்ருதீன் வறுத்த வஞ்சிரத்துக்காக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். இன்னாசி மூடியைத் திறந்தான். தவசிமுத்து மோந்து பார்த்துக் கண்ணை மூடினார்.

"ஆ. மார்செய்ல்ஸ்."

"கொயந்தைக்கு வயிறு உப்பிச்சின்னா குடுப்பாங்களே, கிரைப் வாட்டர், அந்த வாசன," என்றாள் ஃப்ளோரா திரைக்குப் பின்னாலிருந்து.

ரேஷன் சர்க்கரையில் கட்டி ஏது? இன்னாசி கரண்டியில் கல்கண்டு வைத்தான். சூப்பிரண்டு தன் நாக்கின் மேன்மை பற்றி ஒரு சிறு உரை ஆற்றிக்கொண்டிருந்தபோது, செம்பிலிருந்து தண்ணீரைச் சொட்டவிட்டான். முதல் சொட்டில் ஒன்றும் இல்லை. ஏழெட்டு விழுந்ததும், பச்சை கலங்கியது. பிறகு கிளாஸ் முழுக்கப் பால் மாதிரி வெளுத்துப்போனது.

உரை நின்றது.

தண்ணீர் பட்டதும் வெளுக்கிற சரக்கு துறைமுகத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான் தெரியும், பினாயில். கக்கூஸ் கழுவுகிறவர்கள் தண்ணீரை அதிகம் கலந்து ஏமாற்றுகிறார்களா என்று தினமும் காலையில் வாளிக்குள் எட்டிப் பார்த்து வெண்மையை அளப்பது தவசிமுத்துவின் முக்கிய அலுவல்களில் ஒன்று. அந்த விஷயத்தில் அவர் உண்மையிலேயே நிபுணர்.

"என்னவே இது?" என்றார். பேச்சில் மார்செய்ல்ஸ் போய்ப் பிறந்த ஊர்த் திருநெல்வேலி வந்துவிட்டது.

இன்னாசிக்கும் பினாயில் வாளிதான் நினைவுக்கு வந்தது. ஸ்பெயின்காரன் ஏமாற்றிவிட்டான். கோட்டும் போய், வேலையும் போய்.

பக்ருதீன் மீனை மென்றுகொண்டே கேட்டான்: "சார், நீங்கதான் குட்சிகீறீங்களே. அங்கயும் இப்டித்தான் வெளுக்குமா?"

ஆமாம் என்றால் குடிக்க வேண்டும். தெரியாது என்றால் மார்செய்ல்ஸ் போய்விடும். தவசிமுத்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த ஊர் மரியாதைப்படி," என்றார், "முதலில் வீட்டுக்காரன்தான் அருந்த வேண்டும்."

இன்னாசி கிளாஸைப் பார்த்தான். குடிக்கவில்லை என்றால் பினாயில் என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி. குடித்தால், அக்டோபர் நாலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

"வேணாய்யா," ஃப்ளோரா திரையை விட்டு வெளியே வந்துவிட்டாள். "தினக்கூலியாவே இருந்துட்டுப் போ."

அவன் சிலுவை போட்டுக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தான். முதலில் கசந்தது. பிறகு சோம்பு. பிறகு நாக்கு மரத்துவிட்டது. அவன் அலாரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு சாவுக்குக் காத்திருந்தான். இரண்டு நிமிஷம் ஆயிற்று. சாவு வரவில்லை. வயிற்றில் இதமாக ஏதோ பரவிற்று. பல வருஷங்களில் முதல் தடவையாக அவன் முகம் மலர்ந்தது.

"நல்லாத்தான் கீது சார். அசல். குடிங்க."

அந்த வார்த்தைதான் அவனுக்கு வினையாயிற்று. அசல் என்றால், அசலைக் கண்டு பயந்தவர் யார்? ஒரு பதினைந்து ரூபாய் டையைக் கட்டிக்கொண்டு, ஒரு தினக்கூலியின் வீட்டில், வறுத்த மீனுக்கு முன்னால் தவசிமுத்து அப்படி உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்து நின்றார்.

"போலி," என்றார். "அசல் ஆப்சிந்த் ஒருநாளும் வெளுக்காது. கடைசிச் சொட்டுவரை மரகதம். என்னிடமே வித்தை காட்டுகிறாயா இன்னாசி?"

"சார், நான் குட்சேனே சார்."

"உனக்கு என்ன தெரியும்?"

தண்ணீர் பட்டால் வெளுப்பதுதான் அசல் ஆப்சிந்தின் குணம் என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது. மீன் மட்டும் அசல்தான் என்று ஒப்புக்கொண்டவராய், இரண்டு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.

மிச்சத்தை ஃப்ளோரா வாசல் சாக்கடையில் கவிழ்த்து, மேலே ஒரு செம்புத் தண்ணீர் விட்டாள். சாக்கடை வெளுத்தது. எதிர்வீட்டுப் புஷ்பவல்லி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, பினாயிலு இவ்ளோ வாசனையா கீது. எந்தக் கடையில வாங்கின?"

ஃப்ளோரா இன்னொரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

இன்னாசியின் விண்ணப்பம் செப்டம்பர் முப்பதாம் தேதி திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: "சரக்கில் அசல் எது, போலி எது என்று அறியும் திறன் இல்லாதவர். டாலிப் பணியில் நிரந்தரமாக்கத் தகுதியில்லை." அக்டோபர் நாலாம் தேதியும் வந்து போயிற்று. அன்றைக்குக் கேட்டில் அவன் பெயரைக் கூப்பிடவில்லை.

கிறிஸ்துமஸ் கூட்டத்தில் தவசிமுத்துவின் உரை வழக்கத்தைவிடப் பத்து நிமிஷம் நீண்டது. பெயர் சொல்ல விரும்பாத ஒருவன் தனக்கு ஆப்சிந்த் என்று சொல்லிப் பினாயிலை நீட்டியதையும், தான் ஒரே பார்வையில் அதைக் கண்டுபிடித்ததையும் மார்செய்ல்ஸ் அனுபவத்தோடு சேர்த்து விவரித்தார். அந்தப் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டம் கைதட்டியது.

கடைசி வரிசையில் கேக் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இன்னாசியும் தட்டினான். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டினான்.

பக்ருதீன் அவன் தொடையில் இடித்தான். "உன்னிய வச்சித்தான மாமு அந்தாளு கத வுட்டுகினு கீறான். நீ இன்னாத்துக்குத் தட்ற?"

"நாளைக்கி கேட்ல பேரு கூப்புடணும்ல," என்றான் இன்னாசி.