பதாகையில் இருக்கும் வீராங்கனை

“கொரியாவின் வாள் எங்கள் ஊரில் பிறந்தது” என்று பேருந்து நிலையத்துக்கு எதிரே ஊர்ச் சங்கம் கட்டிய பதாகை முழங்கியது. அதில் முகமூடி அணிந்த இரு பெண்கள் வாளோடு மோதிக்கொண்டிருந்தார்கள். அந்த ‘வாள்’ என்று புகழப்பட்ட பியோ யேரிமோ தேசிய வாள்வீச்சுப் போட்டியின் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு, ஊர் வாய்க்குப் பயந்து, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுப் பேருந்திலிருந்து இறங்கினாள்.

பதாகையின் கீழே கிம்ச்சி ஊறுகாய்க்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்த இருவரின் பேச்சு காதில் விழுந்தது.

“ஏங்க்கா, யேரிம் மொத ஆட்டத்துலயே தோத்துடுச்சாமே?”

“எவடி சொன்னா? படத்தப் பாரு, நெஞ்சுலயே குத்துறா. தோக்குற மூஞ்சியா அது?”

யேரிமுக்கு அப்பாடா என்றிருந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து நடந்தாள்.

படத்தில் குத்து வாங்குபவள்தான் யேரிம்.