கழுவலாம், ஊட்டக் கூடாது

"ராக்கு, கைய எடு!"

சுபலட்சுமி டீச்சர் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. பருப்புச்சோற்று உருண்டையோடு ராக்கம்மாளின் கை, சூரியபிரகாஷின் வாய்க்கு முன்னால் அப்படியே நின்றது. மூன்று வயதுப் பயல். பசியில் அழுது மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"பய அழுறானே டீச்சர். நீங்க அந்தக் கடைசியில இருந்தீங்க, அதான்..."

"அழுதா அழுகட்டும். நான் வர்றதுக்குள்ள என்ன ஆயிரும்? அவங்கப்பா காதுல விழுந்துச்சு, உனக்கும் வேலை இல்ல, எனக்கும் வேலை இல்ல."

ராக்கம்மாள் உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள். சுபலட்சுமி அந்தத் தட்டை ஓரமாகத் தள்ளி, வேறு தட்டில் சோறு போட்டுப் பயலுக்கு ஊட்ட ஆரம்பித்தார்.

இதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் தமிழ்வாணி. பசுமலையில் உள்ள ஒரு தொண்டு நிறுவனத்தில் அவளுக்கு வேலை. குழந்தைகள் காப்பகங்களைச் சீர்படுத்தித் தரச்சான்று வாங்க வைப்பாள். சோழவந்தான் தாண்டி வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே இருந்த இந்தக் காப்பகத்துக்கு மாதக்கணக்காக வந்துபோகிறாள். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் பொம்மை அலமாரி, குட்டையான குழாய், நிழலில் மணல் தொட்டி எல்லாம் அவள் யோசனைதான். ஆனால் எப்போதும் காலையில் வந்து, சாப்பாட்டு நேரத்துக்கு முந்திய பஸ்ஸில் கிளம்பிவிடுவாள். நாளைக்குச் சான்றுக் குழு வருகிறது என்பதால் இன்று தங்கிவிட்டாள். இன்றுதான் கண்ணில் பட்டது: ஜன்னல் ஓரம் ஊர்ப் பிள்ளைகள் ஒரு வரிசை, சுவர் ஓரம் காலனிப் பிள்ளைகள் ஒரு வரிசை.

"அவங்க ஊட்டினா என்ன டீச்சர்?"

சுபலட்சுமி குரலைத் தாழ்த்தினார். "ராக்கு காலனில்ல? ஊர்ப் பிள்ளைகளுக்கு அவ ஊட்டக் கூடாது. மொதல்ல இருந்தே அப்படித்தான். மத்த வேலை எல்லாம் செய்வா. தூங்க வைப்பா, கால் கழுவி விடுவா..."

"கால் கழுவி விடலாமா?"

"அதுக்கு வேற யாரு வருவா?"

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார்.

தமிழ்வாணியும் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவள்தான். சுபலட்சுமிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போன மாதம் தனக்குக் கொடுத்த காபி எந்தத் தம்ளரில் வந்திருக்கும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள்.

"டீச்சர், இது ஒண்ணு போதும், சான்று கிடைக்காது. வேலை பாக்குற எல்லாரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாமும் செய்யணும். அதான் முதல் விதி."

சாயங்காலம் கமிட்டி கூடியது. தலைவர் அழகுபாண்டி, சூரியபிரகாஷின் அப்பா. அவருடைய கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுவது முக்கால்வாசியும் காலனிப் பெண்கள்தான். சான்று வராவிட்டால் நிதி நின்றுவிடும், காப்பகத்துக்குப் பூட்டு. பிள்ளைகளை விட்டுவிட்டு வர இடமில்லாமல் பெண்கள் வேலைக்கு வர மாட்டார்கள். அதனால் சான்று அவருக்கும் வேண்டும்.

விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"இம்புட்டுத்தானா? நாளைக்கு ஒரு நாள் பிள்ளைகளக் கலந்து உக்கார வைங்க. ராக்கு எல்லாத்துக்கும் ஊட்டட்டும். அவங்க போட்டோ எடுத்துட்டுப் போயிருவாங்க. நாளான்னைக்கு எப்பவும் போல. என்ன ராக்கு?"

ராக்கம்மாளைவிட அவருக்குப் பத்து வயது குறைவு.

"உங்க பயலுக்குமாய்யா?"

"என் பயலுக்கும்தான். ஒரு நாள்ல என்ன ஆயிரப் போகுது?"

"அதத்தான்யா நானும் கேக்குறேன். மொத நாளு ஒண்ணும் ஆகாதுன்னா ரெண்டாம் நாளு என்ன ஆயிரும்?"

பின்னால் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அழகுபாண்டியின் முகம் இறுகியது.

"வாய் நீளுது. சான்று வரலன்னா மொதல்ல போறது உன் வேலைதான், பாத்துக்க."

"தெரியும்யா. ஆனா எனக்கு வேசங்கட்டத் தெரியாது. நாளைக்கு ஊட்டுனா நாளான்னைக்கும் ஊட்டுவேன், அதுக்கு அடுத்த நாளும் ஊட்டுவேன். சம்மதம்னா சொல்லுங்க."

எல்லோரும் தமிழ்வாணியைப் பார்த்தார்கள். ஒரு நாள் நடிப்புத்தானே, காப்பகம் பிழைக்குமே என்று அவள் மனசும் ஒரு நிமிஷம் இளகியது. அந்த நிமிஷத்தை நினைத்து அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"நடிச்சு வாங்குற சான்றுக்கு நான் கூட நிக்க மாட்டேன் சார்."

"ஓ, நீங்களும் அவுக ஆளு மாதிரி பேசுறீங்க?"

"மாதிரி இல்ல சார். அவங்க ஆளுதான். வாடிப்பட்டிக் காலனி."

சுபலட்சுமி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். அழகுபாண்டி பைக்கை உதைத்துக் கிளப்பினார். போகிற போக்கில், "நாளைக்கு அவங்க நேர்ல வந்து நின்னா ராக்கு தானா வழிக்கு வருவா" என்றது காதில் விழுந்தது.

மறுநாள் மதுரையிலிருந்து ஒரு அம்மாவும் ஒரு இளைஞரும் வந்தார்கள். அலமாரியைப் பார்த்தார்கள். பிள்ளைகளோடு பாட்டுப் பாடினார்கள். அந்த அம்மா மணல் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தே விட்டார். அழகுபாண்டிக்கு வாயெல்லாம் பல்.

சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைக் கலந்து உட்கார வைத்தார் சுபலட்சுமி. அவர் முதல் உருண்டை உருட்டும்போதே சூரியபிரகாஷ் நெளிந்தான்.

"ஆயி வருது!"

பழக்க தோஷத்தில் சுபலட்சுமியின் கண் ராக்கம்மாளைத் தேடியது. ராக்கம்மாள் பயலைத் தூக்கிக்கொண்டு போனாள். கழுவி, துடைத்து, வேறு டவுசர் மாட்டி, தன் கையையும் அவன் கையையும் சோப்புப் போட்டுக் கழுவி, இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

இறக்கிவிட்டு நகரவில்லை. மடியில் உட்கார வைத்தாள். சோற்றைப் பிசைந்து உருட்டி நீட்டினாள்.

பயல் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான்.

"ராக்கு கை ச்சீ."

குழுவில் வந்த அம்மா அருகில் குனிந்தார். "யாரு செல்லம் அப்படிச் சொன்னது?"

"அப்பா." வாசலில் நின்ற அழகுபாண்டியை நேராக விரலால் காட்டினான்.

"சின்னப் பிள்ளைக, எதையாச்சும் சொல்லும்..." என்று அழகுபாண்டி சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லை.

"இங்க எப்பவும் யாரு ஊட்டுவாங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

சுபலட்சுமி அழகுபாண்டியைப் பார்த்தார். ராக்கம்மாள்தான் பேசினாள்.

"நேத்து வரைக்கும் காலனிப் பிள்ளைகளுக்கு மட்டும் நான் ஊட்டுனேன்ம்மா. ஊர்ப் பிள்ளைகளக் கழுவி மட்டும் விடுவேன். இன்னைல இருந்து எல்லாத்துக்கும் ஊட்டுவேன். நாளைக்கும் வந்து பாருங்க." பிறகு பயலிடம் திரும்பினாள். "ஏன்டா, இப்பத்தான இந்தக் கை கழுவி விட்டுச்சு? அப்ப ச்சீ இல்ல, இப்ப ச்சீயா?"

சூரியபிரகாஷ் அவள் கையைப் பிடித்து மோந்து பார்த்தான். சோப்பும் பருப்பும் மணத்தன. யோசித்தான். வாயைத் திறந்தான்.

அழகுபாண்டி வெளியே போய்விட்டார்.

அடுத்த வாரம் அறிக்கை வந்தது. சான்று இப்போது இல்லை. மூன்று மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு நேரத்தில் வந்து பார்ப்பார்கள். அதுவரை நிதி தொடரும். கடைசியில் அந்த அம்மா ஒரு வரி எழுதியிருந்தார்: 'பெரியவர்கள் சொல்லிக்கொடுப்பதை இங்குள்ள பிள்ளைகள் மிக விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.' அது பாராட்டுத்தான் என்று அழகுபாண்டி கமிட்டியில் சாதித்தார்.

ராக்கம்மாளை வேலையை விட்டு நிறுத்த அவரால் முடியவில்லை. அவள் குழுவின் கண்ணில் பட்டுவிட்டாள். தன் பயலை நிறுத்தினார். வேறு சில வீடுகளும் பிள்ளைகளை நிறுத்தின. ஆனால் வெற்றிலை கிள்ளும் நேரத்தில் வீட்டில் பிள்ளையை யார் பார்ப்பது? ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

ஒரு காலையில் அழகுபாண்டியின் மனைவி பாண்டிமீனா பயலோடு வந்து நின்றாள். கையில் புத்தம்புது எவர்சில்வர் கரண்டி.

"அவரு குடுத்து விட்டாருக்கா. கை படாம இதுல ஊட்டணுமாம்." சொல்லும்போது அவளுக்கே முகம் சிவந்தது.

ராக்கம்மாள் கரண்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு தாயி. கழுவி விடுறதுக்கு எந்தக் கரண்டி குடுத்து விட்டாரு தம்பி?"

பாண்டிமீனாவுக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

சுபலட்சுமி பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வந்து கரண்டியை வாங்கி, மணல் தொட்டிக்குள் போட்டார்.

அன்று காலை முழுக்க சூரியபிரகாஷ் அதில் மணலை அள்ளி அள்ளி, காலனிப் பிள்ளை பவதாரிணி பிடித்திருந்த கொட்டாங்குச்சியை நிரப்பினான். சோறு வந்ததும் கரண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்து, ராக்கம்மாளின் மடியில் ஏறி வாயைத் திறந்தான்.