சோளக்கட்டை டீசலும் ஒரு ரப்பர் வளையமும்

1

இது என் தங்கை போனில் சொன்னது. சரியாக நினைவு வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே நம்பிக்கை இல்லை. அன்று மழை பெய்ததாக எழுதினேன். அவள் மழையைப் பற்றிப் பேசவே இல்லை. அடித்துவிட்டேன்.

2

மணிகளை உதிர்த்தபின் மிஞ்சும் சோளக்கட்டைகளை அமிலத்தில் வேகவைத்தால் ஃபர்ஃபியூரல் என்றொரு திரவம் கிடைக்கும். அதை இன்னொரு ரசாயனத்தோடு இணைத்து, ஆக்சிஜனைக் கழற்றி, டீசலாக்க ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மூன்று வருடம் பிடித்தது. தண்ணீர் போலத் தெளிவாக வந்தது. பழைய பஸ் எஞ்சினில் ஊற்றி ஓட்டினார்கள். தடையில்லாமல் ஓடினால் ஆய்வுக்கூடம் தொடரும். இல்லையேல் மூடிவிடுவார்கள்.

மூன்றாம் நாள் காலை எஞ்சினின் டீசல் பம்பின் அடியில் ஒழுகியது.

"உங்க டீசல் பம்புக்குள்ள இருக்கற ரப்பரைத் தின்னுது. அறிக்கையில அப்படித்தான் எழுதணும்," என்றார் துறைத்தலைவர்.

3

பஸ் பணிமனை மெக்கானிக்கின் கண்ணில் ஒரு கள்ளத்தன—

(இல்லை. கதைக்கு வில்லன் இருந்தால் வசதி என்று அவரைப் பிடித்துப் போட்டேன். பத்து வரியில் எனக்கே வெட்கமாகிவிட்டது.)

மெக்கானிக் பம்பைக் கழற்றி, உள்ளேயிருந்த ரப்பர் வளையத்தைப் புதிய வளையத்தின் மேல் வைத்தார். பழையது சற்றுச் சிறுத்திருந்தது.

"தின்னிருந்தா கொழகொழன்னு ஆயிருக்கும்மா. இது வத்திப் போயிருக்கு, அதான் இடைவெளி விழுந்து ஒழுகுது. பங்க் டீசல்ல ஏதோ ஒண்ணு ரப்பரை ஊதவச்சே பழக்கியிருக்கு. அது உங்களதுல இல்ல. எதை எடுத்தீங்க?"

"எல்லாத்தையும்."

"அது சரி! என் மச்சினன் பைக்கைத் தேய்ச்சுத் தேய்ச்சே பெயின்ட்டை எடுத்தவன். நீங்க அவனுக்கு மேல!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சுத்தத்தைப் பற்றித்தான் அவள் எல்லாரிடமும் பெருமையடித்திருந்தாள்.

இரண்டு வளையங்களையும் மெக்கானிக்கே துறைத்தலைவரின் மேஜையில் வைத்தார். "எழுதறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க சார். வேற ரப்பர்ல வளையம் இருக்கு. போட்டுட்டு நாலு நாள் ஓட்டலாம்."

துறைத்தலைவர் ஒரு வளையத்தை எடுத்து மற்றதன் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

4

இங்கே இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் அழுதாள். இன்னொன்றில் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "அந்த மெக்கானிக்கிட்ட என்னதான் சொன்ன?" என்று அவளையே கேட்டேன். அவள் பேச்சை மாற்றிவிட்டாள். அந்த வரியை உங்களிடம் விடுகிறேன். உங்கள் மூன்று வருடத்தை ஒருவர் காப்பாற்றித் தந்தால் என்ன சொல்வீர்களோ, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

மற்றவை எனக்குத் தெரியும். எஞ்சின் நாலு நாளும் ஒழுகாமல் ஓடியது. துறைத்தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார். மெக்கானிக் வேறு பணிமனைக்குப் போய்விட்டார். தங்கை அதே ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள்.