பதினொரு பாலங்கள்

தெருக்களுக்குப் பொறுப்பான, பொறளையில் இருந்த அரசாங்கக் கந்தோரின் மூன்றாம் கவுண்டருக்கு முன்னால் நாகேந்திரம் காலை எட்டரையிலிருந்து நின்றார். கதிரைகள் நான்கு இருந்தன. நான்கிலும் கோப்புகள் உட்கார்ந்திருந்ததால் மனிதர் நிற்க வேண்டியதுதான். கையில் ஒரு காக்கி உறை. அதற்குள் ஐந்து பக்க விண்ணப்பம், கொட்டாஞ்சேனை மஜீட் முதலாளியின் லொறிக் கம்பனிக் கடிதம், கட்டணத்துக்கான காசு.

துறைமுகத்தில் ஒரு ட்ரெயிலரின் மேல் முப்பத்தெட்டுத் தொன் நிறையுள்ள மின்மாற்றியை ஏற்றிக் கட்டிவைத்திருந்தார்கள். அது அனுராதபுரத்துக்குப் போக வேண்டும். அரசாங்கத்துச் சரக்கு. அரசாங்கத்துச் சரக்கை அரசாங்கத்துத் தெருவால் கொண்டுபோவதற்கு அரசாங்கத்திடமே காசு கட்டி அனுமதி வாங்குவதுதான் பதினாறு வருடமாக நாகேந்திரத்தின் உத்தியோகம்.

அளவுக்கு மிஞ்சிய பாரம் என்றால் தொன்னுக்கு இவ்வளவு, மைலுக்கு இவ்வளவு என்று கட்டணம். அது பெரிய காரியமில்லை. வழியில் வரும் பாலங்கள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் நீளம், அகலம், எதனால் கட்டியது, எவ்வளவு பாரம் தாங்கும் என்று விண்ணப்பகாரரே ஒரு பட்டியல் இணைக்க வேண்டும் என்பதுதான் பெரிய காரியம். சண்டைக்கு முந்திய காலத்து விதி. அதை மாற்றுவதற்கு ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்று அடையாள அட்டை சொல்லும் ஒரு மனிதர், அப்படியொரு பட்டியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொழும்பில் திரிந்தால் என்னவாகும் என்று நாகேந்திரத்துக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் பட்டியலை எப்போதும் சிங்களவரான ட்ரைவர் சில்வா கையில் கொடுத்துவிடுவார். அந்தப் பாதையின் பாலங்களைப் பற்றிச் சொல்பவரும் சில்வாதான், அழகான கையெழுத்தில் எழுதுவது மட்டும் நாகேந்திரம். இன்றைக்குச் சில்வா துறைமுகத்தில் சரக்கோடு நிற்க வேண்டியதாகிவிட்டது. ஒரு நாள்தானே, கவுண்டருக்குள் போய்விட்டால் பிறகு அது அவர்களுடைய கடதாசி என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் பஸ் ஏறியிருந்தார்.

பதினொரு மணிக்குக் கவுண்டர் பெண் பட்டியலை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினாள்.

"இதிலை ஒம்பது பாலந்தான் இருக்கு. எங்கட புத்தகத்திலை பதினொண்டு," என்றாள் சிங்களத்தில்.

"எந்த ரெண்டு மிஸ் விட்டுப்போச்சு? சொன்னா இஞ்சயே எழுதித் தாறன்." நாகேந்திரத்தின் சிங்களம் கந்தோர்ச் சிங்களம். பிழை வராது, ஆனால் எவரும் முதல் சொல்லிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

"அதைச் சொல்ல ஏலாது. பாதுகாப்பு விஷயம்."

"அப்ப இந்தப் பேப்பர் இஞ்சயே இருக்கட்டும் மிஸ். நான் போய்க் கேட்டுக்கொண்டு ஓடி வாறன்."

"குறை விண்ணப்பத்தை நாங்க எடுக்கிறதில்லை. ரெண்டு மணிக்குக் காசுக் கவுண்டர் மூடும். அதுக்கு முதல் கொண்டாங்க."

வெள்ளிக்கிழமை. இன்றைக்குப் பெர்மிட் கிடைக்காவிட்டால் ட்ரெயிலர் திங்கள்வரை துறைமுகத்தில் கிடக்கும். நாளுக்கு நாள் வாடகை ஏறும். மஜீட் முதலாளி ஏசுகிற ஆளில்லை. பேசாமல் இருந்துவிடுவார், அதைத்தான் நாகேந்திரத்தால் தாங்க முடியாது.

நடையில் நின்று அவர் பட்டியலை என்ன செய்வதென்று யோசித்தார். கிழித்துப் போடலாம், ஆனால் மறுபடி எல்லா அளவுகளையும் எழுதி முடிக்க மூன்று மணியாகிவிடும். சப்பாத்துக்குள் மடித்து வைக்கலாம். சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் வைக்கலாம். ஒளித்து வைத்து அகப்பட்டால் பிறகு எந்தக் கடவுள் வந்தும் பிரயோசனமில்லை. வெள்ளவத்தையில் அவருடைய பக்கத்து அறைக்காரர், கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் தமக்கை வீட்டுக்கு வழி கீறி வைத்திருந்ததற்காக ஏழு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர். அவருக்கு இப்போதும் இடது காது கேட்காது. நாகேந்திரம் பட்டியலை உறைக்குள் வைத்து, அதன் மேல் கம்பனிக் கடிதத்தை வைத்தார். திறந்தால் முதலில் கடிதம்தான் தெரியும்.

துறைமுகத்துக்குச் சில்வாவிடம் போகும் வழியில், மருதானையில் பஸ்ஸை மறித்தார்கள். கோட்டைப் பக்கம் குண்டு வெடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, பொலிஸ்காரர் முகங்களிலும் நித்திரை இல்லை. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றார்கள். நாகேந்திரத்தின் அட்டையைப் பார்த்த பொலிஸ்காரன் அவரைத் தனியாக நிற்கச் சொன்னான். உறையைத் திறந்தான். கடிதத்தைப் பார்க்காமலே தூக்கி அடியில் வைத்துவிட்டு, பட்டியலை வாசித்தான். களனி கங்கைப் பாலம். தண்டுகம் ஓயா. மகா ஓயா. தெதுறு ஓயா. வாசிக்க வாசிக்க அவனுடைய குரல் இறங்கியது.

"எவ்வளவு பாரம் வைச்சா இந்தப் பாலங்கள் உடையும்?"

"உடையக்கூடாது எண்டுதான் சேர் எழுதினது."

அவன் விசிலை எடுத்து ஊதினான். பஸ் நாகேந்திரத்தை விட்டுவிட்டுப் போய்விட்டது.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் மரியாதையான ஆள். அடிக்கவில்லை. முதலாளியோடு கதைக்க ஒரு நிமிடம் தொலைபேசி கொடுத்தார். அந்த ஒரு நிமிடத்தில் நாகேந்திரம் முதலில் சொன்னது, "முதலாளி, ரெண்டு பாலம் குறையுதாம், சில்வாவிட்டைக் கேளுங்கோ" என்பதுதான். தன்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் வாயில் வந்தது.

இன்ஸ்பெக்டர் பொறளைக் கந்தோருக்கும் எடுத்துக் கேட்டார். சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்த நாகேந்திரம் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பிடி ஒரு விதி இருக்குத்தான்," என்றார் இன்ஸ்பெக்டர், தொலைபேசியை வைத்துவிட்டு. நாகேந்திரத்துக்கு அப்பாடா என்றிருந்தது. "ஆனா உங்கட பேரிலை விண்ணப்பம் ஒண்டும் இண்டைக்கு எடுக்கேல்லையாம். புத்தகத்திலை பதிவு இல்லை."

"குறை எண்டு திருப்பித் தந்தவை சேர். மூண்டாம் கவுண்டர் மிஸ்ஸைக் கேட்டுப் பாருங்கோ."

"அவ சாப்பிடப் போட்டாவாம்."

ஒன்றே காலுக்கு மஜீட் முதலாளி வியர்க்க வியர்க்க வந்தார். சில்வா சிகரெட் பெட்டி மட்டையில் எழுதிக் கொடுத்த இரண்டு பாலத்தின் அளவுகளும் கையில் இருந்தன. நல்ல சிங்களத்தில் விஷயத்தை விளக்கினார். பதினாறு வருடம் தன்னிடம் வேலை செய்கிறவர் என்றார். அரசாங்கத்துச் சரக்கு, மின்மாற்றி போகாவிட்டால் அனுராதபுரத்தில் பாதி ஊர் இருட்டு என்றார். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"சரக்கு போகத்தான் வேணும். அதை நான் மறிக்கேல்லை. ஆனா இவரை விசாரிக்காம விட ஏலாது. பட்டியலையும் தர ஏலாது, அது சான்றுப்பொருள்." கொஞ்சம் யோசித்தார். "ஒண்டு செய்யலாம். குறையை இவர் இதிலையே எழுதட்டும். கொப்பி எடுத்து நான் அத்தாட்சிப்படுத்தித் தாறன். கொண்டுபோய்க் கட்டுங்க."

"நீங்க எழுதுங்க நாகேந்திரம்," என்றார் மஜீட் தமிழில், குரலைத் தாழ்த்தி. "விண்ணப்பத்தில ஈக்கிறது ஒங்கட கையெழுத்து. வேற ஆள் எழுதினா அவங்க எடுக்க மாட்டாங்க."

சார்ஜன்ட் மேசையின் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். நாகேந்திரம் கோடு போட அடிமட்டம் கேட்டார், அதையும் கொடுத்தார்கள். பத்து என்று போட்டு ஒரு பாலம், பதினொன்று என்று போட்டு ஒரு பாலம். நீளம், அகலம், கொங்கிறீற், தாங்கும் பாரம். எழுத்து கோணவில்லை, பழகிப்போன கை. கீழே கையெழுத்து வைத்துத் திகதி போட்டார்.

ஒரு பொலிஸ்காரன் தெருவுக்கு எதிரே இருந்த கடைக்கு ஓடிப் போய்ப் போட்டோ கொப்பி எடுத்து வந்தான். அதற்கு மஜீட் முதலாளிதான் காசு கொடுத்தார். இன்ஸ்பெக்டர் கொப்பியில் 'உண்மைப் பிரதி' என்று முத்திரை குத்தி, பச்சை மையில் ஒப்பமிட்டு, விண்ணப்ப உறையோடு சேர்த்து மஜீட்டிடம் கொடுத்தார். மணி ஒன்றே முக்கால்.

"நான் இதக் கட்டிட்டு லோயரையும் கூட்டிட்டு வாறேன். பயப்பட வாணாம். அல்லா ஈக்கான்."

"வீட்டிலை மனிசி கனகேஸ்வரிக்கு மெல்லமாச் சொல்லுங்கோ முதலாளி. வேலை கூட எண்டு சொல்லுங்கோ."

மஜீட் படிகளில் ஓடி இறங்கும் சத்தம் கேட்டது. வயதான மனிதர், இப்படி ஓடி நாகேந்திரம் பார்த்ததில்லை. பெர்மிட் கிடைத்துவிடும் என்று தோன்றியபோது அவருக்கு வெட்கம்கெட்ட ஒரு நிம்மதிகூட வந்தது.

சார்ஜன்ட் தடித்த புத்தகத்தை விரித்துப் பேனாவைத் திறந்தார். இன்ஸ்பெக்டர் அசல் பட்டியலைக் கையில் எடுத்துச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்.

"சந்தேக நபரிடம் இருந்தது. பாலங்கள், அளவுகளோடு. பதினொன்று."

"சேர்," என்றார் நாகேந்திரம். "பிடிச்ச நேரம் ஒம்பதுதான் இருந்தது."

இன்ஸ்பெக்டர் பட்டியலை மறுபடி எண்ணினார். பிறகு அதை நாகேந்திரத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"இதிலை பதினொண்டு இருக்கு. உங்கட கையெழுத்துத்தானே?"

"ஓம் சேர்."

சார்ஜன்ட் பதினொன்று என்று எழுதி முடித்தார். பெல்ட்டையும் சப்பாத்துக் கயிறுகளையும் கழற்றித் தரச் சொன்னார். பிறகு புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினார். நாகேந்திரம் நழுவுகிற காற்சட்டையை இடது கையால் பிடித்துக்கொண்டு குனிந்து, அடிக்கோட்டுக்கு மேலே, அழகாகக் கையெழுத்து வைத்தார்.