டயர் முடிவாகட்டும்

என் கணவர் கோவிந்தராஜ் ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். நாற்பது டன் இரும்பு எந்தச் சேற்றிலும் போக வழி செய்கிற மனிதர். அவருடைய பைக்குக்கு இரண்டு டயர் தேர்ந்தெடுக்க அவரால் முடியவில்லை. மூன்று வருடமாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார்.

சாதாரண பைக் இல்லை அது. இருநூற்று நாற்பது கிலோ, நெடும்பயணத்துக்கென்றே செய்தது. ஏழு வருடம் முன்பு புதிதாக வாங்கும்போது, "உன்னைப் பின்னாடி உக்கார வச்சு கோகர்ணம் போறேன் சுசீ. மழைல, கடலை ஒட்டியே" என்றார். நான் அம்பத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். பதினெட்டு வருடமாக அடுத்தவர் கட்டிலைச் சுற்றியே நடந்த கால்கள் எனக்கு. மழையில் கடலோரம் போவது என்றதும் நிஜமாகவே ஆசை வந்துவிட்டது.

முதல் நான்கு வருடம் கொரோனா, பெண்ணின் ப்ளஸ் டூ என்று போயிற்று. அதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு வந்ததுதான் டயர்.

வண்டியோடு வந்த டயர் ஊரைச் சுற்றத்தான் லாயக்கு என்று அவருடைய பைக் வாட்ஸப் குரூப்பில் யாரோ சொல்லிவிட்டார்கள். குரூப்பின் பெயர் 'மேற்கு மெட்ராஸ் வேங்கைகள்'. மொத்தம் பதினாறு வேங்கைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கையுறை, முழங்கால் கவசம், முதுகுக் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு பூந்தமல்லி வரை போய்ப் பொங்கல் வடை தின்றுவிட்டு வருவார்கள். மற்ற ஆறு நாளும் டயரைப் பற்றிப் பேசுவார்கள். நெடுஞ்சாலை டயர் மழையில் பிடிக்குமா? மண் ரோட்டு டயர் தார் ரோட்டில் இரையாதா? மென்மையான ரப்பர் என்றால் சீக்கிரம் தேயும், கெட்டி ரப்பர் என்றால் வழுக்கும். முன்னால் ஒன்றும் பின்னால் வேறொன்றும் மாட்டலாமா? எங்கள் கல்யாணத்துக்கே இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை.

சாப்பிடும்போது போனை என் மூக்கருகே நீட்டுவார். "இந்த டயர்ல வெட்டியிருக்கற கோட்டைப் பாரு. தண்ணியை எப்டி வெளிய தள்ளுது பாரு" என்பார். என் தட்டில் ரசம் ஆறிக்கொண்டிருக்கும். எப்போது கிளம்புகிறோம் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"டயர் முடிவாகட்டும் சுசீ."

முதல் வருட லீவு இப்படியே போயிற்று. இரண்டாவது வருடமும் போயிற்று. இதற்கிடையில் வேலைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பொங்கல் வடைக்கும் அவர் பழைய ஸ்கூட்டரில்தான் போய் வந்தார். பைக்கை எடுத்தால் டயர் தேயுமாம்.

இந்த ஜூனில் மேட்ரன் சாமுண்டீஸ்வரியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி எட்டு நாள் லீவு வாங்கினேன். வாங்கிய கையோடு, சனிக்கிழமை காலையில், கணவரையும் பைக்கையும் கள்ளிக்குப்பத்தில் இருக்கும் யூசுப் பாய் டயர் கடைக்குக் கிளப்பினேன். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து பின்சீட்டில் உட்கார்ந்துதான் போனேன். அந்த பைக்கில் என்னுடைய மிக நீண்ட பயணம் அதுதான்.

யூசுப் பாய் குந்தி உட்கார்ந்து பின் டயரைத் தடவினார். நகத்தால் குத்திப் பார்த்தார். பக்கவாட்டில் பொறித்திருந்த நாலு இலக்கத்தை விரலால் துடைத்தார்.

"சார், இது ரெண்டாயிரத்துப் பதினெட்டு, இருவத்திமூணாவது வாரத்து மால். இங்க பாரும்மா, புது டயர்ல கீற ரப்பர் முடி கூட அப்டியே கீது. தேய்மானமே இல்ல. ஆனா வெடிப்பு உட்டுகீது பாரு, ரப்பரு கல்லாயிடுச்சு. முப்பது வருசமா இந்தத் தொழில்ல கீறேன். ஓடித் தேஞ்சு வரும், ஆணி குத்திகினு வரும். நின்னுகினே செத்துப்போன டயரை இப்பதாம்மா பாக்குறேன்."

முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் கணக்குப் போட்டேன். டயருக்கு ஏழு வருடம் என்றால் எனக்கும் அதே ஏழு வருடம்தானே.

"ரெண்டு செட்டு கீது" என்றார் யூசுப் பாய். "எத்த போட்டாலும் கோகர்ணம் போவும். ஒரு மணி நேரத்துல மாட்டித் தந்துடறேன். நாளைக்குக் காலைல கெளம்பு சார்."

ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சர் வந்ததும் நோயாளிகளின் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். என் கணவரின் முகம் அப்படிப் போயிற்று.

"புது டயர் வழுக்குமே பாய். இருநூறு கிலோமீட்டராவது மெதுவா ஓட்டிப் பழக்கணும்."

"கிருஷ்ணகிரி வரிக்கும் மெதுவா போ சார். பழகிடும்."

"திருவேற்காட்டுல பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தாம எப்டி?"

"பழம் எதுத்த கடைல கீது. நானே வாங்கியாறேன்."

என் கணவர் கொஞ்ச நேரம் இரண்டு செட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். "எதுக்கும் குரூப்ல ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் இல்லை. இருநூற்று நாற்பது கிலோவை, என்னையும் ஏற்றிக்கொண்டு, மழையில் ஓட்டப் பயம். பயம் என்று சொல்லியிருந்தால் ஏழு வருடத்தில் பஸ்ஸிலேயே ஏழு தடவை போய் வந்திருப்போம். அதைச் சொல்லாமல் டயர் டயர் என்று என் லீவையெல்லாம் தின்றாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"நீங்க கேட்டுகினே இருங்க" என்று ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். வீட்டுக்குப் போய்ப் பையில் துணியை அடைத்தேன்.

மறுநாள் மங்களூர் ரயிலுக்கு அவர் வழியனுப்ப வந்தார். தண்ணீர் பாட்டில், பிஸ்கட், தலைவலித் தைலம் எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகக் கொடுத்தார். நல்ல மனிதர்தான். வண்டி நகரும்போது கூடவே நடந்துவந்து, "குரூப்ல ஏழு பேரு இது, ஏழு பேரு அது, ரெண்டு பேரு இன்னும் சொல்லல" என்றார்.

கோகர்ணத்தில் நல்ல மழை. நான் தங்கிய விடுதியை நடத்தும் அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் கன்னடம் தெரியாது. கடல் பார்க்க வேண்டும் என்று கையால் காட்டினேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பழைய பைக் ஒன்றை உதைத்துக் கிளப்பி, பின்னால் ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார். கடலை ஒட்டியே போனோம். உள்ளாடை வரை நனைந்தேன். ஒரு வளைவில் பயத்தில் கத்தினேன், அடுத்த வளைவில் சந்தோஷத்தில் கத்தினேன்.

ஒரு மேட்டில் நிறுத்தினார். கடலும் ரோடும் மழையும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து என் கணவருக்கு அனுப்பினேன். 'நீங்களும் வந்திருக்கலாம்' என்று கீழே எழுதினேன். மனதாரத்தான் எழுதினேன். எழுதும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது. 'ரொம்ப நனையாதே. ஓரமா ஒரு பைக் நிக்குதே, பின் டயர் என்ன கம்பெனி? கிட்டப் போய் எடுத்து அனுப்பு.'

கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். மொழுமொழுவென்று இருந்தது. பக்கவாட்டில் எழுத்து இருந்த இடமும் உரசி உரசித் தேய்ந்துபோயிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு பதில் அடித்தேன்.

'பேர் அழிஞ்சு போச்சு. அதுலதான் வந்தேன்.'